சிவப்புச் செடி: அழுகும் சரக்கை ஓடும் சரக்காக்கலாம்

வண்ண மீனோடு நீர்ச்செடியும் விற்கும் வணிகர்களின் கையைக் கடிக்கும் சரக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் ரோட்டாலா மக்ராண்ட்ரா. மருதாணி, மாதுளையின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலை குங்குமச் சிவப்பாக இருப்பதால் பார்த்தவர் கேட்காமல் போகமாட்டார். வெளிநாட்டுச் செடி என்று பலர் நினைக்கிறார்கள். பிறப்பிடம் நம் தென்னிந்தியாதான். கேரளத்தின் ஈர நிலங்களில் தானே வளர்வது.

வாங்கிச் சென்றவர் பத்து நாளில் திரும்பி வந்து, "செடி கரைந்து போச்சுங்க" என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. பண்ணைகளில் இத்தகைய செடிகளைப் பெரும்பாலும் நீருக்கு வெளியே, ஈர மண்ணில் வளர்க்கிறார்கள். அந்த இலை நீருக்குள் தாங்காது. பழைய இலை உதிர்ந்து, நுனியில் புது இலை வரச் சில வாரங்கள் ஆகும். இதை விற்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. அதைவிட நல்லது, கடைத் தொட்டியில் நட்டுப் பழக்கி, நீருக்குள் வளர்ந்த நுனிகளை மட்டும் விற்பது. கூடுதல் விலை கேட்டாலும் நியாயம் உண்டு.

நடும்போது ரப்பர் பேண்டைக் கட்டாயம் கழற்ற வேண்டும். கட்டோடு நட்டால் நடுத்தண்டு அழுகும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, விரல்கடை இடைவெளியில் தண்டு தண்டாக நட வேண்டும். தண்டு மென்மையானது, அழுத்திப் பிடித்தாலே நசுங்கும். தண்ணீர் கடினமில்லாமல், பி.எச். 6 முதல் 7 வரை இருப்பது நலம். உப்புப் போர்வெல் தண்ணீர் உதவாது, மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கலக்கலாம். பலமான விளக்கு தினம் 8 மணி நேரம் போதும். அதற்கு மேல் எரிந்தால் பாசிதான் பிடிக்கும். புது இலை வெளுத்தால் இரும்புச்சத்துள்ள திரவ உரம் தேவை.

விளக்கை மட்டும் கூட்டி, கரியமில வாயு கொடுக்காவிட்டால் இந்தச் செடி தேறுவது அரிது. பெரிய தொட்டிக்குச் சிலிண்டர் வேண்டும். சிறிய தொட்டிக்கு வேண்டியது மளிகைக் கடையிலேயே இருக்கிறது! 2 லிட்டர் பாட்டிலில் ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான நீர், 2 கப் சர்க்கரை, கால் டீஸ்பூன் ரொட்டி ஈஸ்ட். மூடியில் துளையிட்டு டியூப் செருகினால் இரண்டு வாரம் போல வாயு வரும். வெயில் காலத்தில் சீக்கிரமே தீரும். டியூப் அடைத்துக்கொண்டால் பாட்டில் வெடிக்கும், கவனம். புளித்த நீர் தொட்டிக்குள் போகாமலிருக்க இடையில் ஒரு காலிப் பாட்டில் வைக்கவும். ஈஸ்டை இரவில் நிறுத்த முடியாது. அதனால் விளக்கை அணைத்தபின் ஏர் பம்பை ஓட விடவும். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் வாயு மிகுந்துவிட்டது என்று பொருள்.

செடி பிடித்துக்கொண்டால் லாபம் கத்தரிக்கோலில் இருக்கிறது. நுனியில் நாலு அங்குலம் வெட்டி நட்டால் அது தனிச் செடி; அடித்தண்டில் பக்கக் கிளைகள் விடும். அனுப்பும்போது பை நிறையத் தண்ணீர் வேண்டாம். ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பாலிதீன் பையில் கட்டி, வெயில் படாமல் அனுப்பினால் போதும்.

கோல்டு ஃபிஷ் வளர்ப்பவர் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். அது இலையைத் தின்று, வேரையும் பிடுங்கிப் போட்டுவிடும். அவருக்குப் பிளாஸ்டிக் செடியே சரி.