மஞ்சள் உடைப் பெண்ணும் நம் கூறைச்சேலையும்

பத்தா என்ற பெயர் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ரியாத் நகரின் நடுவே உள்ள இந்தக் கடைத்தெருவிலிருந்துதான் எத்தனையோ அண்ணன்மாரும் மாமாமாரும் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைகளில் தமிழும் மலையாளமும் வங்காளமும் கலந்து கேட்கும் இடம் அது. ஆனால் சவூதியில் ஆண்டுக்கணக்காக உழைத்தும், அந்த நாட்டு வீடுகளின் உள்ளே எப்படி வாழ்ந்தார்கள், பெண்கள் கலியாணத்துக்கு என்ன உடுத்தார்கள் என்பதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரியாது. அதைப் படமாக வரைந்து, படத்தின் கதையையும் சொல்லி வைத்தவர் ஜித்தாவைச் சேர்ந்த ஓவியர் சஃபியா பின்ஸகர். 2024 செப்டம்பரில் அவர் காலமானார்.

சஃபியா 1940இல் பழைய ஜித்தாவில் பிறந்தவர். 1947இல் குடும்பம் கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்தது. அதே ஆண்டில்தான் ஜித்தாவைச் சுற்றியிருந்த மதிலும் இடிக்கப்பட்டது. 1963இல் அவர் திரும்பி வந்தபோது, எண்ணெய்ப் பணத்தில் நகரம் வெளியே விரிந்துகொண்டிருந்தது. பவளக்கல் வீடுகளையும் மரவேலைப்பாடுள்ள சாளரங்களையும் விட்டு மக்கள் புதிய வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். குழந்தையாக விட்டுப்போன ஊர், பெரியவளாகி வந்தபோது கைநழுவிக்கொண்டிருந்தது. இந்த அனுபவத்தை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1968இல் ஜித்தாவின் ஒரு பெண்கள் பாடசாலையில், முனீரா மோஸ்லி என்ற இன்னொரு ஓவியருடன் சேர்ந்து அவர் கண்காட்சி வைத்தார். சவூதியில் பெண் ஓவியர்கள் வைத்த முதல் கண்காட்சி என்று அதைச் சொல்வார்கள்.

அவர் வரைந்தவற்றில் மிகவும் பேசப்படுவது 1969இல் வரைந்த 'ஸபூன்'. மஞ்சள் நிற மரபுடை அணிந்த ஒரு பெண்ணின் படம். 'ஹிஜாஸின் மோனாலிசா' என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஆனால் படத்தின் தலைப்பு அந்தப் பெண்ணின் பெயர் அல்ல. ஹிஜாஸ் பகுதிப் பெண்கள் மேலே அணியும் நீண்ட அங்கிக்குத்தான் ஸபூன் என்று பெயர். அதைத் தலைப்பாக வைத்ததால், படத்தைப் பார்க்கிறவர் முதலில் கேட்பது உடையைப் பற்றித்தான். பதில் சொல்லப் போனால் அதற்கு உள்ளே அணியும் பொத்தான் வைத்த சட்டையையும், தலையில் சுற்றும் வெள்ளைத் துணியையும் சொல்லவேண்டும். ஓர் உடையின் பெயரிலிருந்து ஒரு வாழ்க்கையே விரிகிறது.

இந்த விவரங்களைத் தேடிப் புத்தகங்களுக்குப் போக வழியில்லை. எழுதி வைத்தது குறைவு. ஆகவே சஃபியா வயதான பெண்களிடம் போய்க் கேட்டார். பெட்டிகளில் கிடந்த பழைய உடைகளைச் சேகரித்தார். கலியாணச் சடங்குகள், வீட்டு வேலைகள், சிறுவர் விளையாட்டுகள் என்று தொடர் தொடராக வரைந்தார். சவூதியின் பல பகுதிப் பெண்களின் உடைகளைக் காட்டும் 39 படங்களை 'துராதுனா', அதாவது 'நமது மரபு' என்ற தொகுதியாக்கினார். 1979இலும் 1999இலும் வந்த நூல்களில் படங்களோடு அவற்றின் பின்னாலுள்ள வழக்கங்களையும் விளக்கினார். ஓவியங்களில் பெரும்பகுதியை விற்காமல் வைத்திருந்து, ஜித்தாவில் தன் பெயரில் அமைத்த அருங்காட்சியகத்தில் வைத்தார். அங்கே நூலகமும் ஓவிய வகுப்புகளும் இருந்தன.

ஜித்தா மாறியது செல்வத்தால். நம் ஊர்கள் அழிந்தது போரால். இரண்டும் ஒன்றல்ல. சஃபியாவால் திரும்பிப் போய் அதே தெருவில் நின்று கேட்க முடிந்தது. நம்மில் பலருக்கு அந்தத் தெருவே இல்லை. வீட்டோடு அல்பங்களும் எரிந்துபோயின. ஆனால் அவர் கேட்டது சுவர்களிடம் அல்ல, ஆட்களிடம். அந்த ஆட்கள் நம்மோடும் இருக்கிறார்கள், டொரொன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும்.

நம் வீடுகளில் தப்பியிருக்கும் கலியாணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு அதில் தெரிவது சேலை உடுத்த ஒரு பெண் மட்டுமே. அது கூறைச்சேலை, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்தது, சபையோர் தொட்டு ஆசீர்வதித்தபின் பெண் உள்ளே போய் அதை உடுத்து வந்துதான் தாலி ஏறியது என்பது படத்தில் தெரியாது. தாலிக்கான பொன்னை ஆசாரியார் உருக்கிய பொன்னுருக்குச் சடங்கும், அன்று யார் யார் வந்தார்கள் என்பதும் தெரியாது. அம்மம்மாவுக்குத் தெரியும். அவர் சொல்லாமல் போனால் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் படமாகவே அது மிஞ்சும்.

வரையத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களை அம்மம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைப்போம். சேலையின் பெயர், நகையின் பெயர், அதைக் கொடுத்தவரின் பெயர் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுப் படத்தின் பின்பக்கத்தில் எழுதட்டும். கேட்கக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடவேண்டும்.