சீட்டோடு ஓடும் முன்னே

கடக்வாஸ்லா ஓர் ஊர். மகாராஷ்டிராவில் புனே நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே முட்டா ஆற்றில் ஓர் அணை. புனே மக்களுக்குக் குடிதண்ணீர் தருகிற அணை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அணைக்கரையில் கூட்டம் சேரும். சுட்ட சோளக்கதிர் வியாபாரம் நன்றாக நடக்கும்.

2021 ஏப்ரல் மாதம். கரை வெறிச்சோடிக் கிடந்தது. கொரோனாவின் இரண்டாம் அலை. சனி, ஞாயிறு ஊரடங்கு.

ஆனால் புனேயில் ஓர் இடத்தில் மட்டும் கூட்டம் குறையவில்லை. அது மருந்துக்கடை வாசல். எல்லார் கையிலும் டாக்டர் எழுதிய சீட்டு. எல்லார் வாயிலும் ஒரே பெயர். ரெம்டெசிவிர்.

புனேயில் மட்டுமா? சென்னையிலும் இதே கதைதான். 2021 ஏப்ரல் 26 முதல் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் இந்த மருந்தை விற்றார்கள். வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இரவெல்லாம் சாலையில் காத்துக் கிடந்தார்கள். மே மாதம் நேரு விளையாட்டு அரங்குக்கு விற்பனையை மாற்றினார்கள். அங்கேயும் கூட்டம். வரிசையில் நின்றவர்களுக்கே நோய் தொற்றும் ஆபத்து. கடைசியில், ஆஸ்பத்திரிகளுக்கே நேராக மருந்தைக் கொடுப்பது என்று அரசு முடிவு செய்தது.

அப்படி என்ன மருந்து அது? நகையை அடகு வைத்து வாங்க வேண்டிய மருந்தா? தெரிந்துகொள்வோம்.

மருந்து என்ன செய்கிறது?

கொரோனாக் கிருமி உடம்புக்குள் போனதும் தன்னைப் போலவே நகல் எடுக்கும். எழுத்து எழுத்தாகக் கோத்து நகல் எடுக்கும். ரெம்டெசிவிர் ஒரு தப்பான எழுத்தைப் போல நடுவில் புகுந்துகொள்ளும். நகல் எடுப்பது தடைப்படும்.

நோய் வந்த முதல் சில நாட்களில்தான் கிருமி வேகமாகப் பெருகும். அதனால் மருந்தையும் அப்போதே கொடுக்க வேண்டும். நோய் முற்றி, நுரையீரல் கெட்டுப்போன பிறகு கொடுத்தால் பலன் மிகக் குறைவு.

இது உயிர் காக்கும் ஊசியா?

அப்படித்தான் ஜனங்கள் நம்பினார்கள். ஆராய்ச்சி என்ன சொன்னது?

2020-ல் அமெரிக்கா தலைமையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மருந்து பெறாதவர்கள் குணமாக 15 நாள் ஆனது. பெற்றவர்களுக்கு 10 நாள் ஆனது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் பெரிய ஆராய்ச்சி செய்தது. சாவைக் குறைப்பதாக அதில் தெரியவில்லை. 2020 நவம்பரில், ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு இது வேண்டாம் என்று அந்த நிறுவனம் சொன்னது. பிறகு கூடுதல் தகவல்கள் வந்தன. ஆக்சிஜன் தேவைப்படும் சிலருக்கு ஓரளவு பலன் உண்டு என்று தெரிந்தது. 2022-ல் நிறுவனம் தன் கருத்தை மாற்றியது. குறிப்பிட்ட நோயாளிகளுக்குக் கொடுக்கலாம் என்றது.

ஆக, இது ஓரளவு உதவும் மருந்து. மந்திரம் இல்லை. இது கிடைக்காததால் மட்டுமே ஓர் உயிர் போய்விட்டது என்று சொல்ல முடியாது. "நான் ஓடியது போதவில்லையே" என்று இன்னும் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

யாருக்குக் கொடுப்பார்கள்?

2021 ஏப்ரலில் நம் நாட்டு விதி இப்படி இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். ஆக்சிஜன் தேவைப்பட வேண்டும். நோய் தொடங்கி 10 நாளுக்குள் இருக்க வேண்டும். வீட்டில் வைத்துப் போடவே கூடாது.

லேசான சளி, காய்ச்சல் என்றால் இந்த ஊசியைக் கேட்டு வாங்காதீர்கள். கொரோனா வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மருந்து இல்லாமலே குணமானார்கள்.

எப்படி ஏற்றுவார்கள்?

இதைக் கையிலோ இடுப்பிலோ குத்தக் கூடாது. நரம்பு வழியாக டிரிப்ஸாகத்தான் ஏற்ற வேண்டும். பெரியவர்களுக்கு முதல் நாள் 200 மில்லிகிராம். அடுத்த நாட்களில் 100 மில்லிகிராம். பெரும்பாலும் 5 நாள். ஒரு தடவை ஏற்ற அரை மணி முதல் 2 மணி நேரம் ஆகும்.

ஏற்றும் முன் ரத்தம் எடுத்து ஈரலைச் சோதிப்பார்கள். சிறுநீரகத்தையும் பார்ப்பார்கள். "ரத்தம் எதற்கு?" என்று தடுக்காதீர்கள். இந்த மருந்து ஈரலைப் பாதிக்கலாம். அதற்காகத்தான் சோதனை.

கூட இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஈரல் நோய் உண்டா? சிறுநீரக நோய் உண்டா? எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனதா? கர்ப்பமா? இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயின் மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் சேரக் கூடாது.

டிரிப்ஸ் ஓடும்போது பக்கத்தில் இருங்கள். முடிந்த பிறகும் 1 மணி நேரம் கவனியுங்கள். அரிப்பு, தடிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல், நடுக்கம், வாந்தி, மயக்கம், அதிக வியர்வை. இதில் எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. "சீக்கிரம் முடியட்டும்" என்று டிரிப்ஸ் குழாயில் உள்ள சக்கரத்தைத் திருப்பாதீர்கள். மருந்து வேகமாக ஏறினால் ஆபத்து.

ஓர் எழுத்து காட்டிக் கொடுத்தது

தட்டுப்பாடு வந்தால் திருடனும் வருவான். 2021 ஏப்ரலில் போலி மருந்து நாடெங்கும் வந்தது.

டெல்லியில் காவல்துறை ஒரு போலி மருந்துப் பெட்டியைப் பிடித்தது. அசல் பெட்டி போலவே இருந்தது. ஆனால் முகவரியில் தெலங்கானா என்ற பெயரில் ஓர் ஆங்கில எழுத்து விட்டுப் போயிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தவர் கண்ணில் அது பட்டது.

எனவே மருந்துப் பெட்டியைப் படியுங்கள். பெயர், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தொகுதி எண் ஆகியவற்றைப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். எண்கள் உங்களுக்கே தெரியும்.

படித்தால் மட்டும் போதுமா? போதாது. புனே மாவட்டத்திலேயே பாராமதி என்ற ஊர் இருக்கிறது. அங்கே அதே ஏப்ரலில் 4 பேரைக் கைது செய்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பயன்படுத்திய காலிக் குப்பிகளைச் சேர்த்தார்கள். அதில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மருந்தை நிரப்பினார்கள். ரெம்டெசிவிர் என்று சொல்லி விற்றார்கள். குப்பி அசல். ஒட்டிய தாளும் அசல். உள்ளே இருந்தது மட்டும் பொய்.

அதனால்தான் தெருவில், தெரிந்தவர் மூலம், போனில் பேசி வாங்கக் கூடாது. ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே வாங்குங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில்லில் உள்ள தொகுதி எண்ணும் குப்பியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். காலிக் குப்பியை ஆஸ்பத்திரியே அழிக்க வேண்டும். "அழித்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எதற்கு ஓட வேண்டும்?

ஓட வேண்டிய நேரம் ஒன்று உண்டு. மூச்சு வாங்குகிறதா? உதடு நீலமாகிறதா? பேச்சில் தெளிவு இல்லையா? விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி 94-க்குக் கீழே காட்டுகிறதா? உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அங்கே முதல் மருந்து ஆக்சிஜன்தான். ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களுக்கு டெக்சாமெத்தசோன் என்ற விலை குறைந்த மருந்து சாவைக் குறைக்கிறது. 2020 ஜூனில் இங்கிலாந்து ஆராய்ச்சி இதைக் காட்டியது. அதையும் டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது.

கொரோனா அவசரநிலை முடிந்தது என்று 2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. கடக்வாஸ்லா அணைக்கரையில் மறுபடியும் கூட்டம் சேர்கிறது. ஆனால் இன்னொரு நோய் வரலாம். இன்னொரு மருந்தின் பெயர் ஊரெல்லாம் பரவலாம். அப்போது சீட்டை வாங்கியதும் ஓடாதீர்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள். படியுங்கள். கேளுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. ஊசி போட்டால்தான் நோய் தீரும் என்று நாம் ஏன் நம்புகிறோம்?

2. டாக்டரிடம் கேள்வி கேட்க உங்களுக்குத் தயக்கம் உண்டா? ஏன்?

3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு மருந்தை எடுங்கள். காலாவதி தேதி எங்கே இருக்கிறது? படித்துக் காட்டுங்கள்.