உடலே பாதித் தறி

குவாத்தமாலாவின் மலையூர்களில் மாயா பெண்கள் நெய்யும் தறிக்குச் சட்டமும் இல்லை, மிதிகட்டையும் இல்லை. சில கழிகள், கொஞ்சம் கயிறு, இடுப்புக்கு ஒரு பட்டை, அவ்வளவுதான். பாவின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டுவார்கள். மறுமுனை பட்டையோடு நெய்பவரின் இடுப்பில் சேரும். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும். முன்னால் வந்தால் தளரும். தறியின் பாதி, நெய்பவரின் உடல்தான்.

பாவிழைகளைப் பிரித்து வைக்க ஒரு கழி. மாற்றிப் பிரிக்க, நூல் விழுதுகள் கட்டிய இன்னொரு கழி. விழுதுக் கழியைத் தூக்கும்போது பெண் சற்றே முன்னால் வந்து பாவைத் தளர்த்துவார். ஊடை உள்ளே போனதும் வாள் வடிவ மரப்பலகையால் அடித்து இறுக்குவார். கை எட்டும் தூரம்தான் துணியின் அகலம். அதனால் ‘விப்பீல்’ என்னும் மேலாடைக்கு இரண்டு மூன்று துண்டுகளை நெய்து சேர்த்துத் தைக்கிறார்கள்.

புட்டாக்களுக்கு வரைபடம் கிடையாது. பாவிழைகளை எண்ணி, வண்ண நூலை விரலால் கோத்து, பறவையோ பூவோ வரிவரியாக எழுப்புகிறார்கள். அந்தக் கணக்கைத் தாயிடமும் பாட்டியிடமும் பக்கத்தில் உட்கார்ந்தே கற்கிறார்கள். சிச்சிகாஸ்தெனாங்கோவின் விப்பீலில் இரட்டைத்தலைக் கழுகு வரும். ஆடையைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம்.

மெக்சிகோவின் ஹைனா தீவில் கிடைத்த, ஆயிரம் ஆண்டுகளுக்கும் பழைய சுடுமண் சிற்பம் ஒன்றில் இதே தறியில் ஒரு பெண் நெய்கிறாள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்த மிதிதறி பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போனது. இடுப்புத்தறி பெண்களிடம் வீட்டிலேயே நிலைத்தது.

குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலோர் மாயா மக்கள். ஊரைக் காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சிப் பலர் தங்கள் உடையையே கைவிட்டார்கள். அந்த நாட்களிலேயே, 1988-இல், கெட்சல்தெனாங்கோவில் நெசவுப் பெண்கள் ‘திராமா’ என்ற கூட்டுறவை அமைத்தார்கள். கணவரை இழந்த பலருக்குத் தறியே சோறு போட்டது.

இன்றைய ஆபத்து வேறு. மாதக்கணக்கில் நெய்யும் வடிவத்தை இயந்திரம் நொடியில் அச்சடித்து மலிவாக விற்கிறது. நெசவாளர்கள் 2016-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடி, இவ்வடிவங்கள் ஊருக்கும் சமூகத்துக்கும் பொதுச் சொத்து என்று வாதிட்டார்கள். அதைக் காக்கச் சட்டம் இயற்றுமாறு 2017-இல் நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது.

அவர்கள் கேட்பது நியாயம். தலைமுறை தலைமுறையாகக் கணக்கிட்டு வளர்த்த அறிவுக்கு உரிமையாளர்கள் உண்டு. அந்தத் துணியை வாங்க நினைப்பவர்கள், நெய்தவர் கைக்குப் பணம் போகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.