ஈயமும் செலீனியமும் கூடிய கிளாஸ்தலைட்

ஈயமும் செலீனியமும் சம எண்ணிக்கை அணுக்களாகக் கூடிய ஈயச் செலனைடே கிளாஸ்தலைட். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியிலுள்ள கிளாஸ்தால் என்ற சுரங்க நகரின் பெயரை 1832இல் அது பெற்றது. ஈயத்தின் முதன்மைத் தாதுவாகிய, கந்தகமும் ஈயமும் சேர்ந்த கலீனாவுக்கு இதை உடன்பிறப்பு எனலாம்: இரண்டும் கனசதுரப் படிக அமைப்பும் உலோகப் பளபளப்பும் சாம்பல் நிறமும் கொண்டவை. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பெரியகல்லாற்று வாவியில் வீசப்படும் வலையின் விளிம்பிலுள்ள ஈயக்குண்டு நீரைவிட 11 மடங்கு அடர்த்தியானதென்றால், இக்கனிமம் ஏறத்தாழ 8 மடங்கு. மோஸ் அளவில் அதன் கடினத்தன்மை 2.5 முதல் 3 வரையே.

கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் கிளாஸ்தலைட்டையும் கலீனாவையும் பழைய கனிமவியலாளர் மூக்கால் பிரித்தறிந்தனர். கரித்துண்டின்மேல் வைத்து ஊதுகுழல் தீயால் சுட்டால், செலீனியம் அழுகிய முள்ளங்கி நாற்றத்தை எழுப்பும். நச்சுப்புகையை முகர்ந்து பார்க்கும் இந்தச் சோதனை இன்று யாருக்கும் பரிந்துரைக்கத்தக்கதன்று.

புவியோட்டில் கந்தகம் செலீனியத்தைவிடப் பன்மடங்கு மிகுதியாதலால், செலீனியம் பெரும்பாலும் கலீனாவுக்குள் கந்தகத்தின் இடத்தில் சிறிதளவாகப் புகுந்து ஒளிந்துகொள்கிறது. கந்தகம் குறைந்த வெந்நீர்க் கரைசல்கள் பாறைப் பிளவுகளில் ஊடுருவிய அரிய இடங்களில்தான், அர்ஜென்டினாவின் கசெயுதாவிலும் பொலிவியாவின் பகஹாகேயிலும் போல, கிளாஸ்தலைட் தனிக் கனிமமாகப் படிகிறது.