வாணவேடிக்கையை முதன்முறையாகப் படம் எடுப்போர் அறிய வேண்டியவை என்ன?

தீபாவளி இரவு, கேரளத்தின் திருச்சூர் பூரம், ஆங்கிலப் புத்தாண்டின் நள்ளிரவு என எந்தக் கொண்டாட்டமாயினும், வானில் முதல் வாணம் விரிந்ததும் கூட்டத்தில் உள்ள கைப்பேசிகள் அனைத்தும் உயர்கின்றன. ஆனால், மறுநாள் அந்தப் படங்களைப் பார்க்கும் பலருக்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது. சிவப்பும் நீலமுமாகக் கண்ட ஒளிப்பூக்கள் படத்தில் வெள்ளைத் திட்டுகளாகவும், மங்கிய புகையாகவும், நடுங்கிய கோடுகளாகவும் பதிவாகியிருக்கும்.

வாணவேடிக்கை சில நிமிடங்களில் முடிந்துவிடும். தவறவிட்ட காட்சிக்கு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். விலை உயர்ந்த கேமரா இல்லை என்பது பெரும்பாலும் இந்தத் தோல்விக்குக் காரணமல்ல. இருளையும் நகரும் ஒளியையும் கேமரா எவ்வாறு காண்கிறது என்பதை அறியாமையே முதன்மைக் காரணம்.

கேமரா தடுமாறுவது ஏன்?

தானியங்கி முறையில் இயங்கும் கேமரா, காட்சியில் உள்ள ஒளியின் சராசரியை அளந்து முடிவெடுக்கிறது. வாணம் வெடிப்பதற்கு முன் அதற்குத் தெரிவது கருவானம் மட்டுமே. எனவே, ஒளி போதவில்லை எனக் கருதி உணர்திறனை மிகவும் உயர்த்திவிடுகிறது. அந்த நிலையில் வாணம் விரிந்ததும், அளவுக்கு மீறிய ஒளியால் நிறங்கள் அனைத்தும் வெளிறிப் போகின்றன.

வாணத்தின் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்கு சோடியம், நீலத்துக்குத் தாமிரம் ஆகியவற்றின் சேர்மங்கள் காரணமாகின்றன. ஒளி அளவு மீறினால் இந்த வேறுபாடு மறைந்து, எல்லாம் வெண்மையாகத் தோன்றும். ஆகவே, படம் சற்று இருண்டதாக அமைவதே நிறங்களைக் காக்கும்.

குவியத்திலும் இதே சிக்கல் எழுகிறது. இருண்ட வானில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாததால், தானியங்கிக் குவியம் முன்னும் பின்னும் அலைந்து, வாணம் மறைந்த பிறகே நிலைகொள்ளும்.

தொடக்க அளவுகள் என்ன?

கையால் அளவுகளை மாற்றக்கூடிய கேமராவை முக்காலியில் பொருத்துவது முதல் படி. ஐஎஸ்ஓ எனப்படும் உணர்திறனை 100-லும், லென்ஸின் துளையளவை எஃப் 8 முதல் எஃப் 11 வரையிலும், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 2 முதல் 4 விநாடிகள் வரையிலும் வைத்துத் தொடங்கலாம். தொலைவில் உள்ள தெருவிளக்கு அல்லது கட்டட விளக்கின் மீது குவியத்தைச் சரிசெய்தபின், அதனைக் கைமுறைக்கு மாற்றிவிட வேண்டும். ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும். அதன் ஒளி வானத்தை எட்டாது என்பதுடன், அருகில் உள்ள புகையையும் மக்களின் தலைகளையுமே வெளிச்சமாக்கும்.

இதில் ஒரு நுட்பத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். வாணத்தின் தீப்பொறி ஓரிடத்தில் நிற்பதில்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அது நொடிப்பொழுதில் கடந்துவிடுகிறது. எனவே, ஒளிக்கோடு எவ்வளவு பிரகாசமாகப் பதிவாகும் என்பதை லென்ஸின் துளையளவும் உணர்திறனும் தீர்மானிக்கின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரமோ, அக்கோடு எவ்வளவு நீளும், எத்தனை வாணங்கள் ஒரே படத்தில் சேரும், கட்டடங்களும் வானமும் எவ்வளவு வெளிச்சமாகும் என்பவற்றைத் தீர்மானிக்கிறது.

இதன்படி, கோடுகள் வெளிறினால் துளையைச் சுருக்க வேண்டும். கோடுகள் சரியாக இருந்து வானம் மட்டும் வெளுத்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டையும் ஒருசேர மாற்றினால், பிழை எங்கே என்பதே விளங்காது.

இரண்டு வசதிகளை முன்கூட்டியே நிறுத்துவது நலம். ஒன்று, முக்காலியில் இருக்கும்போது தேவையற்ற அதிர்வுக் கட்டுப்பாடு. மற்றொன்று, நீண்ட நேரப் படங்களுக்கான இரைச்சல் நீக்கம். இது இயங்கினால், 4 விநாடிப் படத்துக்குப் பின் மேலும் ஏறத்தாழ 4 விநாடிகள் கேமரா முடங்கி நிற்கும். அதற்குள் அடுத்த வாணம் விரிந்து மறைந்துவிடும்.

செவியை அல்ல, கண்ணை நம்ப வேண்டும்

ஷட்டரை எப்போது திறப்பது என்பதே அடுத்த கேள்வி. வெடியோசை கேட்டபின் பொத்தானை அழுத்துவோர் பெரும்பாலும் தாமதமாகிவிடுகின்றனர். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் மட்டுமே பயணிக்கிறது. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்பவருக்கு ஓசை சுமார் ஒன்றரை விநாடி தாமதமாகவே வந்து சேரும்.

எனவே, வாணம் மேலேறும் மெல்லிய ஒளிக்கோட்டைக் கண்டதும் திறந்து, பொறிகள் உதிர்ந்து அணையும்போது மூடுவதே சரியான முறை. விரும்பும் நேரம் வரை ஷட்டரைத் திறந்துவைக்கும் 'பல்ப்' முறையும், கேமராவைத் தொடாமல் இயக்கும் ரிமோட்டும் இதற்கு உதவும்.

காற்றின் திசையும் முதல் சில நிமிடங்களும்

அனுபவமுள்ள ஒளிப்படக் கலைஞர்கள் வந்ததும் முதலில் கவனிப்பது காற்றைத்தான். காற்று தங்கள் முதுகுப்புறமிருந்து வாணவேடிக்கைத் திடலை நோக்கி வீசும் இடத்தில் நின்றால், புகை எதிர்ப்புறம் விலகிச் செல்லும். எதிர்த்திசையில் நின்றால், புகை முழுவதும் லென்ஸை நோக்கி வரும்.

காற்றே இல்லாத இரவில் புகை அங்கேயே தேங்கி, பின்னர் வரும் வாணங்களின் ஒளியைச் சிதறடிக்கும். தெளிவான படங்கள் தொடக்கத்திலேயே கிடைக்கும் என்பதால், சோதனைப் படங்களை அதற்கு முன்பே எடுத்து முடித்திருக்க வேண்டும். நிறைவுக் கட்டத்தில் வாணங்கள் அடுத்தடுத்து வெடிக்கும்போது ஒளி பன்மடங்காகும். அப்போது நேரத்தைக் குறைப்பதும் துளையைச் சுருக்குவதும் அவசியம்.

தனித்த வாணம் அழகானதே. ஆனாலும் அதன் கீழே ஒரு கோபுரமோ, நீர்நிலையோ, மக்களின் நிழலுருவமோ இடம்பெற்றால்தான் அது எந்த ஊரின் வானம் என்பது புலப்படும்.

கைப்பேசியில் முடியுமா?

முடியும். திரையில் வாணத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டி, பின்னர் ஒளியளவைக் கீழே இறக்க வேண்டும். இந்த ஒரு மாற்றமே நிறங்களை மீட்டுத் தரும். 'புரோ' முறை உள்ள கைப்பேசிகளில் மேற்கூறிய குறைந்த உணர்திறனையும் 2 விநாடி நேரத்தையும் அமைத்து, சிறு முக்காலியில் பொருத்தலாம்.

இரவுப் படங்களுக்கான 'நைட்' முறை இங்கு எப்போதும் கைகொடுப்பதில்லை. அது பல படங்களை இணைத்து ஒன்றாக்குவதால், நகரும் பொறிகளின் கோடுகள் அறுபட்டுத் தோன்றக்கூடும். டிஜிட்டல் ஜூமைத் தவிர்த்து, லென்ஸை ஒருமுறை துடைத்துக்கொள்வதும் தெளிவைக் கூட்டும்.

வீட்டு வாசலில் கூடுதல் கவனம்

முதன்முறை படம் எடுப்போரில் பலர் பயிற்சியைக் கம்பி மத்தாப்பிலிருந்தே தொடங்குகின்றனர். சிறுவர்கள் மத்தாப்பைச் சுழற்ற, 2 விநாடி நேரத்தில் வட்டங்களும் எழுத்துகளும் ஒளிக்கோடுகளாகப் பதிவாகும். ஆனால், படம் எடுப்பவரின் கவனம் திரையில் இருக்கும்போது குழந்தைகளைக் கவனிக்க மற்றொரு பெரியவர் உடனிருப்பது கட்டாயம். பருத்தி உடை, அருகில் ஒரு வாளி தண்ணீர், எரிந்த கம்பிகளை இடத் தனி இடம் ஆகியவையும் தேவை. வெடிக்காத பட்டாசை அருகில் சென்று படம் எடுக்க முயல்வது பெரும் ஆபத்து.

தொலைவே பாதுகாப்பு

பெரிய வாணவேடிக்கைகளில் தடுப்புக்கு அப்பால் நிற்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. கேரளத்தின் கொல்லம் மாவட்டம் பரவூரில் உள்ள புற்றிங்கல் கோயிலில், 2016 ஏப்ரல் 10-ஆம் தேதி அதிகாலை, சேமித்து வைக்கப்பட்டிருந்த வெடிபொருள்களில் தீப்பற்றியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெடித்துச் சிதறிய கட்டடத்தின் கான்கிரீட் துண்டுகள் தொலைவில் நின்றவர்களையும் தாக்கின.

வடக்குநாதர் கோயிலைச் சூழ்ந்த தேக்கின்காடு திடலில், பாறமேக்காவு, திருவம்பாடி ஆகிய இரு தரப்பினரும் போட்டியிட்டு நிகழ்த்தும் திருச்சூர் பூரத்தின் வெடிக்கட்டிலும், பார்வையாளர்கள் எங்கே நிற்கலாம் என்பது ஆண்டுதோறும் முக்கிய விவாதமாகிறது.

தடுப்பைத் தாண்டிச் சென்றால் சிறந்த படம் கிடைக்கும் என்ற எண்ணமும் சரியானதல்ல. வாணம் உயரத்தில் விரிவதால், மிக அருகில் நிற்பவரின் கழுத்துத்தான் வலிக்கும். படத்தில் வானம் மட்டுமே இருக்கும். சற்று விலகி நிற்பவருக்கே வாணம் முழுமையாகவும், அதன் கீழ் ஊரும் மக்களும் ஒருசேரவும் கிடைக்கின்றன.

பட்டாசு வெடிக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் நேரக் கட்டுப்பாடு விதித்ததைத் தொடர்ந்து, பல மாநிலங்களில் தீபாவளி இரவின் வெடிநேரம் குறுகியுள்ளது. உள்ளூர் நிர்வாகம் அறிவிக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிந்து, அரை மணி நேரம் முன்னதாகச் சென்று முக்காலியை நிறுத்திக்கொள்வோருக்கு, அந்தக் குறுகிய நேரமே போதுமானதாக அமையும்.