காகித விமானமும் லங்கா ராணியும்

ஏட்டிலக்கியத்தில் தோய்ந்தவர்களுக்கு மேனாட்டு இளைஞரின் ஆரவார இசையில் நாட்டம் பிறப்பது அரிது. நானும் அத்தகையோருள் ஒருவனே. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே, வெள்ளவத்தையிலுள்ள என் இல்லத்திற்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து போகும் பேரன், சென்ற மாதம் ஓர் ஆங்கிலப் பாட்டைக் கேட்கச் செய்தான். வெற்றிரைச்சல் என்று ஒதுக்க முற்பட்டேன். பாடியவர் யாரென்று அறிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'லங்கா ராணி' என்னும் நாவலை எழுதிய அருளரின் மகள் அவர்!

1977ஆம் ஆண்டு ஆவணிக் கலவரத்தின் பின், தலைநகரின் அகதி முகாம்களிலிருந்த தமிழர் பலர் கப்பலேற்றி வடக்கே அனுப்பப்பட்டனர். அவ்வாறு சென்ற கப்பலொன்றின் பெயரையே அருளர் தம் நாவலுக்குச் சூட்டினார். ஈரோஸ் இயக்கத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். அக்கப்பற் பயணிகளின் கதையை அரசியல் நோக்கோடு சொல்லும் நூல் அது.

அதே 1977இல் இலண்டனில் 'த கிளாஷ்' என்னும் குழுவின் முதல் இசைத்தட்டு வெளியாயிற்று. வேலையின்மையும் நிறவெறியும் மலிந்த காலம் அது. பெரும் பயிற்சி வேண்டா. சொல்வதற்கு ஒன்று இருப்பின் பாடலாம் என்பதே 'பங்க்' இசையின் கோட்பாடு. 1978 ஏப்பிரல் 30ஆந் திகதி இலண்டன் விக்ரோறியாப் பூங்காவில் நிறவெறிக்கு எதிராகத் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் இக்குழுவினர் பாடினர். 1982இல் வெளிவந்த 'கொம்பட் றொக்' இசைத்தட்டிலே 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' என்றொரு பாட்டு உண்டு. தொழிலிழந்த உருக்காலைத் தொழிலாளர், வியற்நாமில் அமெரிக்கப் படையினர் விட்டுச் சென்ற பிள்ளைகள், குடியேறிய ஏழைகள் ஆகியோரே அதன் மாந்தர். எவருக்கும் வேண்டாதவர்களின் பாட்டு அது.

இனி மகளிடம் வருவோம். மாதங்கி என்னும் மாயா அருட்பிரகாசம் 1975இல் இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் மூண்ட பின் தாயோடு மீண்டும் இலண்டனை அடைந்தவர். எம். ஐ. ஏ. என்பது மேடைப் பெயர். 2005இல் வந்த முதற் தொகுப்புக்குத் தந்தையின் பெயரையும், 2007இல் வந்த அடுத்ததற்குத் தாயின் பெயரான 'கலா' என்பதையும் இட்டார். பின்னையதன் ஒரு பகுதி சென்னையிலே பதிவானது. நம் உறுமி மேளம் அதிலே முழங்குகின்றது. அத்தொகுப்பிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' என்னும் பாட்டு, கிளாஷ் குழுவின் மேற்சொன்ன பாட்டிசையின் மேலேயே கட்டப்பட்டது. அமெரிக்கா செல்ல விசா கிடைக்காது அலைக்கழிந்த நாளில் எழுந்தது அது. 2008இல் அமெரிக்க விற்பனை வரிசையில் நான்காம் இடத்தை எட்டியது.

பல்லவியிலே துப்பாக்கி வேட்டொலி வருகின்றது. அடுத்துக் காசுப்பெட்டி திறக்கும் ஓசை. 1983 ஆடியில் இவ்வீதி எரிந்ததைக் கண்ட எனக்கு அவ்வேட்டொலி விளையாட்டாகப் படவில்லை. நிறுத்தச் சொன்னேன்.

“அம்மப்பா, வெடிச்சத்தத்தை விடுங்கோ. பிறகு வாற காசுச்சத்தத்தைக் கேளுங்கோ” என்றான் பேரன்.

மீண்டும் கேட்டேன். அந்நியன் கொள்ளையடிக்கவே வருகின்றான் என்று எல்லைக் காவலர் எண்ணும் எண்ணத்தை, அந்நியனின் வாயிலேயே வைத்துப் பாடுகின்றார் மாயா. நம் இலக்கண நூலார் கூறும் வஞ்சப்புகழ்ச்சிக்கு இனமான உத்தி இது. ஆயினும் என் மனக்குறை முற்றும் தீரவில்லை. ஆடிக் களிக்கும் கூட்டத்திற்கு அந்த எள்ளல் எட்டுமா? தந்தையின் நாவலில் துயருறும் மனிதர் உளர். மகளின் பாட்டிலோ முகமூடியே உண்டு. எனினும் அந்நாவல் எட்டாத செவிகளை இப்பாட்டு எட்டிவிட்டது. அதனை மறுப்பது நேர்மையன்று.

“லங்கா ராணியிலை எங்கட ஆக்களும் போனவையோ?” என்று கேட்டான் பேரன்.

நான் உடனே விடை கூறவில்லை. என் தமக்கை மூன்று பிள்ளைகளோடும் ஒரு தையற் பொறியோடும் கப்பலேறிய கதையை அவனுக்கு நான் ஒருபோதும் சொன்னதில்லை. அவன் தாய்க்குக்கூட முழுமையாகச் சொன்னதில்லை. மறப்பதே நலம் என்றிருந்தேன். மௌனமும் ஒரு முகமூடியே என்பது அன்றுதான் உறைத்தது.

அன்றிரவு கடைசிப் புகைவண்டி கடலோரமாகச் செல்லும் வரை அவனுக்கு அக்கதையைச் சொன்னேன்.