ஆட்டு விலையில் தெரிந்த பஞ்சம்

தெற்கு சோமாலியாவின் பைடோவா சந்தை. ஒரு வெள்ளாட்டை விற்றால் எத்தனை கிலோ சோளம் வாங்கலாம்? பஞ்சத்தை முன்கூட்டியே அறிய முயல்கிறவர்கள் மாதாமாதம் அங்கே குறித்துக்கொள்ளும் கணக்கு இது. மழை பொய்த்தால் புல் காய்கிறது, ஆடு எலும்பும் தோலுமாகிறது. ஊரே ஒரே நேரத்தில் விற்க வருவதால் ஆட்டு விலை சரிகிறது. சோள விலையோ ஏறுகிறது. கடையில் மூட்டை இருக்கும். வாங்கக் காசு இருக்காது. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981-ல் எழுதியதும் இதைத்தான். நம் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் எழுதப்பட்ட பஞ்ச விதிகளும் தானிய விலையேற்றத்தை அபாய அறிகுறியாகவே குறித்தன.

புவியியலாளர்கள் இதற்கு மேல் ஒரு படி போனார்கள். ஒரே வறட்சி எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. ஒட்டகம் வைத்திருப்பவர் சற்றுத் தாக்குப்பிடிப்பார். பைடோவாவைச் சுற்றியுள்ள பே பகுதியின் மானாவாரிச் சோள விவசாயிக்கு இரண்டு போகம் தவறினால் எல்லாம் போச்சு. ஜூபா, ஷபெல்லே ஆற்றங்கரைக்காரரின் நிலைமை வேறு. ஆகவே மாவட்ட எல்லையை விட்டுவிட்டு, பிழைப்பை வைத்து வரைபடம் போட்டார்கள். அதன்மேல் மழையளவு, செயற்கைக்கோள் காட்டும் பசுமை, சந்தை விலை எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தார்கள். எத்தியோப்பியப் பஞ்சத்தை அடுத்து 1985-ல் அமெரிக்க நிதியில் தொடங்கிய பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பே இன்றைய ஃபியூஸ் நெட். பசியை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கும் அளவுகோல் 2004-ல் சோமாலியாவிலேயே உருவானது.

ஐந்தாம் கட்டம்தான் பஞ்சம். ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு அறவே உணவில்லை, நூற்றுக்கு முப்பது குழந்தைகள் கடுமையாக மெலிந்துவிட்டார்கள், பத்தாயிரம் பேரில் நாளொன்றுக்கு இருவர் சாகிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்தச் சொல்லையே உச்சரிக்கலாம். குழந்தையின் மேல்கையில் ஒரு நாடாவைச் சுற்றுவார்கள். சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் சிவப்பு, உயிருக்கே ஆபத்து. அதாவது, அறிவிப்பு வரும்போதே சாவு வீட்டுக்குள் வந்துவிட்டது.

சோமாலியாவைப் பற்றி 2010 ஆகஸ்டிலிருந்தே எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் பெய்ய வேண்டிய டெயர் பருவமழை பொய்த்தது. 2011-ன் கூ எனப்படும் முதல் பருவமழையும் ஏமாற்றியது. தெற்கைப் பிடித்துவைத்திருந்த ஆயுதக் குழுவான அல்-ஷபாப் பல உதவி அமைப்புகளை நுழையவிடவில்லை. அமெரிக்காவின் பயங்கரவாதத் தடைச் சட்டங்களுக்கு அஞ்சி நன்கொடையாளர்களும் தயங்கினார்கள். இவை உண்மையான தடைகளே. ஆனாலும் ஜூலை 20-ல் பஞ்சம் என்று அறிவித்த பிறகுதான் பணம் பெருமளவில் வந்தது என்பதை மன்னிக்க முடியவில்லை. அந்தப் பஞ்சத்தில் சுமார் 2,58,000 பேர் இறந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அறிவிப்புக்கு முன்பே பாதிச் சாவுகள் நடந்து முடிந்திருந்தன.

2017-ல் மறுபடி மழை தவறியது. இம்முறை ஆண்டின் தொடக்கத்திலேயே உதவி போனது. பலருக்குக் கைபேசி வழியாகவே பணம் கிடைத்தது. மக்கள் பட்ட பாடு குறைவல்ல, ஆனால் பஞ்சம் தடுக்கப்பட்டது.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது ஃபியூஸ் நெட்டும் முடங்கியது. மாதக்கணக்கில் அதன் வரைபடங்கள் வெளிவரவில்லை. அந்தக் கண்களை மூடவிடக் கூடாது. அவை மூன்றாம் கட்டத்தைக் காட்டும்போதே, ஆடு இன்னும் விலைபோகும் நாளிலேயே, பணம் புறப்பட வேண்டும்.